மூழ்கும் தீவில் 6 பேர்!

காலையில் பார்த்தால் தீவு. மத்தியானம் பார்த்தால் கடல்!

இப்படி ஒரு விசித்திரமான இடம் பாரசீக வளைகுடாவில் இருக்கிறது. பஹ்ரைன் நாட்டுக்கும் கத்தார் நாட்டுக்கும் நடுவே உள்ள ஒரு மணல் திட்டு அது. பெயர் "கித்அத் ஜராதா". அரபு மொழியில் "கித்அத்" என்றால் துண்டு. சுருக்கமாக "ஜராதா" என்று அழைப்பார்கள்.

அங்கே மரம் இல்லை. செடி இல்லை. குடிதண்ணீர் இல்லை. வெள்ளை வெளேர் என்ற மணல் மட்டும் உண்டு. அந்த மணலும் நாள் முழுவதும் இருக்காது. கடல் இறங்கும்போது வெளியே தெரியும். கடல் ஏறும்போது உள்ளே போய்விடும்.

அந்தத் திட்டுக்கு உல்லாசப் பயணம் போன ஒரு தமிழ்க் குடும்பம், 4 மணி நேரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது!

கணக்கர் குடும்பம்

குடும்பத் தலைவர் கும்பகோணத்துக்காரர். பஹ்ரைன் தலைநகரமான மனாமாவில் ஒரு கம்பெனியில் கணக்கர். அங்கே போய் 9 ஆண்டுகள் ஆகிவிட்டன. மனைவி, 13 வயது மகள், 8 வயது மகன் எல்லோரும் அவருடன் இருந்தார்கள். பேரப்பிள்ளைகளைப் பார்க்க, ஊரில் இருந்து அவருடைய தாயாரும் வந்திருந்தார். தாயாருக்கு வயது 64.

பஹ்ரைனில் வெள்ளியும் சனியும் விடுமுறை. (2006-ம் ஆண்டுக்கு முன் வியாழனும் வெள்ளியும் விடுமுறையாக இருந்தன.)

"வாரா வாரம் கடைத்தெருவையே சுற்றினால் எப்படி? அத்தைக்கு எதையாவது புதிதாகக் காட்ட வேண்டாமா?" என்று மனைவி கேட்டார்.

அதற்கு அடுத்த வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். "போன வெள்ளிக்கிழமை நாங்கள் ஜராதாவுக்குப் போனோம். சாயங்காலம் 4 மணிக்குக்கூட, கண்ணுக்கு எட்டிய மட்டும் மணல்தான்! குழந்தைகளைப் படகில் ஏற்றுவதே பெரும்பாடாகிவிட்டது" என்றார் அவர்.

அந்த "4 மணி" என்ற வார்த்தை கணக்கரின் மனதில் பதிந்துவிட்டது. பின்னால் வினையாக முடிந்ததும் அந்த வார்த்தைதான்.

சில ஆண்டுகளுக்கு முன், மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அவர்கள் புறப்பட்டார்கள். பாட்டி விடியற்காலையிலேயே எழுந்து புளியோதரை கிளறினார். எவர்சில்வர் தூக்குகள், தட்டுகள், ஒரு ஐஸ் பெட்டி, ஒரு பெரிய குடை, மாற்றுத் துணிகள் எல்லாம் காரில் ஏறின.

முத்துக் கடல்

சித்ரா என்ற இடத்தில் மீன்பிடித் துறை இருக்கிறது. அங்கே ஒரு மோட்டார்ப் படகு காத்திருந்தது. படகின் நகுதா ஒரு பஹ்ரைன்காரர். அவருக்கு உதவியாக ஒரு வாலிபர் இருந்தார். கணக்கர் இந்தியில் பேச்சுக் கொடுத்தார். வாலிபர் தமிழில் பதில் சொன்னார்!

கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரைக் கிராமம் ஒன்றுதான் அவருடைய ஊர். வயது 26. பஹ்ரைனுக்கு வந்து 4 ஆண்டுகள். தென் தமிழ்நாட்டுக் கடற்கரையில் இருந்து வளைகுடா நாடுகளுக்கு மீன்பிடி வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். அவர்களில் அவரும் ஒருவர்.

"பேஷ்! நம்ம ஊர்ப் பிள்ளை!" என்று பாட்டி மகிழ்ந்துபோனார்.

காலை 8 மணிக்குப் படகு புறப்பட்டது. எல்லோருக்கும் மிதவைச் சட்டைகள் மாட்டினார்கள். கடல் கண்ணாடிபோல் இருந்தது. அடியில் மணலும் பாறையும் தெரிந்தன.

"பஹ்ரைன்" என்றால் "இரண்டு கடல்கள்" என்று பொருள். உப்புக் கடலுக்கு அடியில் நன்னீர் ஊற்றுகள் பொங்கியதால் அந்தப் பெயர் வந்தது என்று சொல்வது உண்டு. முன்காலத்தில் தோல் பையுடன் மூழ்கி, கடலுக்கு அடியில் இருந்து குடிதண்ணீர் பிடித்து வருவார்களாம்!

ஒரு காலத்தில் முத்துதான் அந்த நாட்டுக்குச் சோறு போட்டது. நமது தூத்துக்குடிக் கடலைப் போலவே அங்கேயும் மூச்சை அடக்கி மூழ்கினார்கள். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே போனவர் கயிற்றை அசைத்தால் மேலே இழுப்பார். ஜப்பானில் சிப்பிக்குள் முத்தை வளர்க்கும் வித்தை வந்தது. முத்து விலை விழுந்தது. தொழில் நசித்தது. அந்தச் சமயத்தில்தான், 1932-ம் ஆண்டு, பஹ்ரைனில் எண்ணெய் கிடைத்தது. நாட்டின் தலைவிதி மாறியது. பழைய முத்துக்குளிப்புத் தொழிலின் சின்னங்களை 2012-ம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இந்தக் கதைகளைப் பேசிக்கொண்டே போனதில் நேரம் தெரியவில்லை. 9 மணிக்கு முன்பே ஜராதா வந்துவிட்டது.

துண்டு மணலுக்கு ஒரு வழக்கு

பாட்டி மணலில் கால் வைத்தார். "ராமேசுவரத்தில்கூட இப்படி மணல் பார்க்கவில்லையே!" என்றார்.

குழந்தைகள் ஓடினார்கள். மனைவி செல்போனில் படம் எடுத்துத் தள்ளினார். கணக்கர் இடுப்பளவு நீரில் மல்லாந்து மிதந்தார். சட்டைப் பையில் செல்போன் இருப்பது அவருக்கு ஞாபகமே இல்லை. ஞாபகம் வந்தபோது அது செத்துப்போயிருந்தது.

இவ்வளவு அழகான இந்த மணலுக்காக இரண்டு நாடுகள் வழக்காடின என்றால் நம்புவீர்களா?

பஹ்ரைனும் கத்தாரும் சில தீவுகளுக்கு உரிமை கொண்டாடின. 1991-ம் ஆண்டு கத்தார், ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போயிற்று. தகராறில் ஜராதாவும் ஒன்று.

"கடல் ஏறும்போது மூழ்கிவிடும் திட்டு தீவு ஆகாது" என்பது ஒரு கட்சி. "ஏற்றத்திலும் கொஞ்சம் வெளியே நிற்கிறது, ஆகவே அது தீவுதான்" என்பது மறு கட்சி.

2001-ம் ஆண்டு மார்ச் 16-ந்தேதி தீர்ப்பு வந்தது. ஜராதா தீவுதான், அது பஹ்ரைனுக்கே சொந்தம் என்று நீதிபதிகள் 12 பேர் கூறினர். 5 பேர் மாறுபட்டனர்.

அந்தத் தீர்ப்பில் தீவின் அளவும் இருக்கிறது. கடல் இறங்கியிருக்கும்போது 600 மீட்டர் நீளம், 75 மீட்டர் அகலம். கடல் ஏறியிருக்கும்போது 12 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். அப்போது நீருக்கு மேலே அதன் உயரம் 0.4 மீட்டர். அதாவது முழங்கால் அளவுகூட இல்லை!

கணக்கருக்கு அன்று இந்த விவரம் எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் நடுங்கியிருப்பார்.

படகு வரவில்லை

இன்னொரு தமிழ்க் குடும்பமும் அவர்களுடன் வருவதாக இருந்தது. காலையில் அவர்கள் துறைக்கு வர நேரமாகிவிட்டது. "இவர்களை இறக்கிவிட்டு அவர்களை அழைத்து வருகிறேன். பதினொன்றரைக்கு வந்துவிடுவேன். பன்னிரண்டரைக்கு எல்லோரும் கிளம்பிவிட வேண்டும்" என்று நகுதா சொல்லியிருந்தார்.

10 மணிக்குப் படகு திரும்பிப் போயிற்று. வாலிபர் குடும்பத்துக்குத் துணையாகத் தங்கினார்.

அவர் ஒரு வேலை செய்தார். நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வைத்தார். சிறுவன் அதை விளையாட்டு என்று நினைத்தான். சிறிது நேரத்தில் குச்சி தண்ணீருக்குள் நின்றது. வாலிபர் அதைப் பிடுங்கி, மேலே வந்து நட்டார். மறுபடியும் நீர் வந்தது. மறுபடியும் பிடுங்கினார்.

11½ மணி ஆயிற்று. படகு வரவில்லை.

"சார், தண்ணீர் வேகமாக ஏறுகிறது. நகுதாவுக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள். என் போன் படகிலேயே இருக்கிறது" என்றார் வாலிபர்.

"ஏன் தம்பி பறக்கிறாய்? வந்துவிடுவார். போன வாரம் 4 மணி வரைக்கும் இங்கே மணல் இருந்திருக்கிறது. விசாரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன்" என்று கணக்கர் சிரித்தார்.

மனைவியின் செல்போனில் அப்போது கொஞ்சம் மின்சாரம் இருந்தது. 12 மணிக்கு அதுவும் தீர்ந்துபோயிற்று. பாட்டியின் போன் ஊர்ப் போன். அங்கே அது பேசாது.

மூன்று போன்கள் இருந்தும் ஒன்றும் உதவவில்லை!

கடலுக்கு வாரம் தெரியாது

கணக்கர் செய்த தவறு என்ன?

கடல் ஏறுவதும் இறங்குவதும் முக்கியமாகச் சந்திரனின் ஈர்ப்பினால். சூரியனுக்கும் அதில் பங்கு உண்டு. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ 6¼ மணி நேரம். ஆனால் சந்திரன் தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தாமதமாக வருகிறது. ஆகவே கடலின் கடிகாரமும் தினம் 50 நிமிடம் பின்தங்கும்.

ஒரு நாளைக்கு 50 நிமிடம். 7 நாளைக்கு? 350 நிமிடம். அதாவது ஏறத்தாழ 6 மணி நேரம்!

ஆகவே போன வெள்ளிக்கிழமை எந்த நேரத்தில் கடல் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்ததோ, இந்த வெள்ளிக்கிழமை அதே நேரத்தில் அது உச்சிக்கு ஏறி நிற்கும். அடுத்த வீட்டுக்காரர் சொன்னது பொய் அல்ல. ஆனால் அது போன வாரத்துக் கணக்கு. அன்று கடல் இறங்கி நின்றது காலை 9½ மணிக்கு. உச்சிக்கு ஏறுவது பிற்பகல் 3¾ மணி வாக்கில்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. கடல் ஒரே சீராக ஏறுவது இல்லை. மாலுமிகள் இதற்கு ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். மொத்த ஏற்றத்தைப் 12 பங்காகப் பிரித்தால் முதல் மணியில் 1 பங்கு, இரண்டாம் மணியில் 2 பங்கு, மூன்றாம் மணியில் 3 பங்கு, நான்காம் மணியில் 3 பங்கு, ஐந்தில் 2, ஆறில் 1. அதாவது மொத்தத்தில் பாதித் தண்ணீர், நடுவில் உள்ள 2 மணி நேரத்தில் வந்துவிடும். அன்றைக்கு அந்த 2 மணி நேரம், 11½ முதல் 1½ வரை!

மணலோ தட்டையானது. கடல் மொத்தம் ஒன்றரை மீட்டர் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், நீர் ஒரே ஒரு செ.மீ. உயர்ந்தால் போதும், தீவின் இரண்டு முனைகளிலும் சராசரியாக 2 மீட்டர் மணல் காணாமற்போகும்.

இந்த வாய்ப்பாடு எதுவும் அந்த வாலிபருக்குத் தெரியாது. அவருடைய ஊர்க் கடலில் ஏற்ற இறக்கம் அதிகம் இல்லை. அதனால் வளைகுடாவுக்கு வந்த புதிதில் இது அவருக்கும் புதுமையாக இருந்தது. ஒரு முறை வலைப் படகுடன் மணலில் மாட்டிக்கொண்டு, ஓர் இரவு முழுவதும் கிடந்து பாடம் கற்றவர் அவர்.

"காவிரியில் நீந்தியவன்!"

மணி 12½.

காலையில் குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடிய இடத்தில் மீன்கள் ஓடின. வடமேற்கில் இருந்து காற்று கிளம்பியது. கண்ணாடிபோல் இருந்த கடலில் வெள்ளை நுரை தெரிந்தது.

கணக்கரின் முகத்தில் ஈ ஆடவில்லை. மேற்கே வெகு தூரத்தில் ஒரு மீன்பிடிப் படகு நங்கூரம் போட்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டையைக் கழற்றினார்.

"நான் நீந்திப் போய் அவர்களை அழைத்து வருகிறேன். காவிரியில் வெள்ளம் போகும்போதே நீந்தியவன் நான்" என்றார்.

மனைவி அழுதார். வாலிபர் பேசவில்லை. ஒரு காலித் தண்ணீர்ப் புட்டியை எடுத்தார். மூடியை இறுக்கித் திருகினார். கடலில் வீசினார்.

புட்டி மேற்கே போகவில்லை. பக்கவாட்டில் திரும்பியது. ஓடும் ஆளைவிட வேகமாகப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் கண்ணுக்கே தெரியவில்லை.

"நீவாடு இழுக்கிறது, சார். எங்கள் ஊரில் நீரோட்டத்தை அப்படித்தான் சொல்லுவோம். காவிரியில் இழுத்தால் எங்கேயாவது ஒரு கரையில் ஒதுங்கலாம். இங்கே கரை எங்கே இருக்கிறது?" என்றார் வாலிபர்.

கணக்கர் மறுபேச்சுப் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டார்.

ஒரு கயிறு, 6 உயிர்

அதன்பிறகு அந்தத் தீவில் கட்டளையிட்டவர் வாலிபர்தான்.

திட்டின் நடுவே ஒரு மேடு இருந்தது. பார்வைக்கு மேடு என்றே தெரியாது. "ஏற்றத்தில் கடைசியாக நிற்கும் இடம் இதுதான்" என்று அவர் காலால் கோடு கிழித்தார். எல்லோரையும் அங்கே கொண்டுவந்தார். மிதவைச் சட்டைகள் 5 இருந்தன. குடும்பத்தினர் 5 பேருக்கும் மாட்டி, வார்களை இறுக்கினார்.

"உனக்கு எங்கே தம்பி?" என்று பாட்டி கேட்டார்.

"என்னுடையது படகில் இருக்கிறது, பாட்டி. எனக்கு இது போதும்" என்று ஐஸ் பெட்டியைக் காட்டினார். அதில் இருந்த பனிக்கட்டியையும் தண்ணீரையும் கொட்டிவிட்டு, மூடியை இறுக்கிக் கயிற்றால் கட்டினார். அது நல்ல மிதவை. மீதிக் கயிற்றால் 6 பேரையும் இடுப்போடு சேர்த்துப் பிணைத்தார். முத்துக் குளித்தவர்களை மேலே இருந்த கயிறு காப்பாற்றியதுபோல, ஒருவரை ஒருவர் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

குடையைக் காற்று பிய்த்துவிட்டது. கம்பு மட்டும் மிஞ்சியது. பாட்டி தம்முடைய மாற்றுப் புடவையை எடுத்துக் கொடுத்தார். சிவப்புச் சுங்குடிப் புடவை. அது கொடியாகப் பறந்தது.

அடுத்து பாட்டி தூக்கைத் திறந்தார். ஆளுக்கு ஒரு உருண்டை புளியோதரை கையில் வைத்தார்.

"வெறும் வயிற்றோடு பயப்படக் கூடாது. சாப்பிடுங்கள்" என்றார்.

சிறுவன் அழுதான். பாட்டி அவனை அணைத்துக்கொண்டார். "ஊரில் ஆற்றில் வெள்ளம் வரும்போது படித்துறையில் எத்தனை படி மூழ்கிற்று என்று எண்ணுவோம். நீ இந்த அண்ணன் நடுகிற குச்சியை எண்ணு. தண்ணீர் எப்போது மெதுவாக வருகிறதோ, அப்போது வெள்ளம் வடியப்போகிறது என்று அர்த்தம்" என்றார்.

சிறுவன் அழுகையை நிறுத்திவிட்டு எண்ணத் தொடங்கினான்.

எவர்சில்வர் மூடி

மணி 1¾.

மகள் பள்ளிக்கூடத்தில் சாரணியர் படையில் இருந்தவள். திடீரென்று அவளுக்கு ஒரு யோசனை உதித்தது.

"அப்பாயி, அந்தத் தூக்கு மூடியைக் கொடுங்கள்!" என்றாள்.

புதுக் கருக்கு மாறாத மூடி. வெயிலில் பளபளத்தது. மூடியை முகத்துக்கு அருகே பிடித்தாள். மற்றொரு கையை நீட்டி, இரண்டு விரல்களை விரித்தாள். விரல்களின் இடுக்கில் தூரத்துப் படகு தெரிய வேண்டும். மூடியின் ஒளி விரல்கள்மேல் விழ வேண்டும். அப்படி விழுந்தால் ஒளி நேரே படகுக்குப் போகிறது என்று பொருள். கண்ணாடியால் சைகை காட்டும் முறை இது. வெயில் நன்றாக இருந்தால் பல மைல் தூரம் தெரியும்.

பளிச்... பளிச்... பளிச்...

கை வலித்தது. தாயார் வாங்கினார். அவர் கை வலித்தபோது மகள் வாங்கினாள்.

மணி 2½. அலைகள் மேட்டைத் தொட்டன. ஒரு பெரிய அலை குறுக்கே ஓடி, மறுபக்கம் இறங்கிப் போயிற்று. எல்லோருடைய கால்களும் மணலுக்குள் புதைந்தன. காலியான தூக்கு மிதந்து போயிற்று. ஒருவரும் அதை எட்டிப் பிடிக்கவில்லை.

"அண்ணா, 31-வது குச்சிக்கு ரொம்ப நேரம் ஆகிறது!" என்றான் சிறுவன்.

"நல்லது தம்பி. கடல் களைத்துப்போகிறது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டால் போதும்" என்றார் வாலிபர். சொல்லும்போது அவர் ஐஸ் பெட்டியைச் சிறுவன் பக்கம் தள்ளி வைத்தார்.

அப்போது மகள் கூவினாள். "படகு திரும்புகிறது!"

தமிழ்க் குரல்

மேற்கே நின்ற மீன்பிடிப் படகு மெல்ல முகம் திருப்பியது. அது பெரிய படகு. ஆழம் இல்லாத மணல் திட்டுக்கு அருகே வர முடியாது. தூரத்தில் நின்றுகொண்டு, ஒரு சிறு படகை இறக்கினார்கள். அதில் இரண்டு பேர் வந்தார்கள்.

காற்றில் ஒரு குரல் கேட்டது.

"பயப்படாதீங்கோ! அப்படியே நில்லுங்கோ!"

தமிழ்!

அவர்களும் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர்கள். வலைக் கூண்டுகளைத் தூக்கிக்கொண்டிருந்தபோது ஒருவர் கண்ணில் ஒளி அடித்திருக்கிறது. தண்ணீரின் மினுமினுப்பு என்று முதலில் விட்டுவிட்டார்கள். மறுபடி மறுபடி அடிக்கவே நிமிர்ந்து பார்த்தார்கள். சிவப்புப் புடவை தெரிந்தது. நடுக் கடலில் புடவை ஏது?

முதலில் சிறுவனையும் பாட்டியையும் ஏற்றினார்கள். பிறகு மகள், தாயார். கணக்கர் ஏறினார். வாலிபர் கடைசியாக ஏறினார். அப்போது மணி 3 அடித்து 10 நிமிடம்.

பெரிய படகில் அவர்களுக்குச் சூடாகத் தேநீர் கிடைத்தது. அடுத்த அரை மணி நேரத்தில் நகுதாவும் வேறொரு படகில் வந்து சேர்ந்தார். அவருடைய மோட்டார் நடுவழியில் நின்றுபோயிருந்தது. எண்ணெய்க் குழாயில் அடைப்பு. மணிக் கணக்காகக் கடலில் மிதந்தவரை, அந்த வழியே வந்த படகு கட்டி இழுத்தது. உடனே கடலோரக் காவல் படைக்குத் தகவல் கொடுத்துவிட்டு, ஜராதாவை நோக்கி ஓடி வந்தார். காவல் படைப் படகும் அவருக்குப் பின்னாலேயே வந்தது. 6 பேரும் உயிரோடு இருப்பதைக் கண்டதும் அந்த மனிதர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பாட்டிதான் அவருக்கும் தேநீர் எடுத்துக் கொடுத்தார்.

மணி 3¾. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தீவு இருந்த இடத்தில் ஒரு கீற்று மணல். அதன்மேல் அலைகள் புரண்டன. நட்டு வைத்த கம்பு சாய்ந்து கிடந்தது.

சாக்குக் கட்டியால் ஒரு கட்டம்

வீட்டுக்கு வந்த பிறகு கணக்கருக்குப் பல நாள் தூக்கம் வரவில்லை. ஜராதாவைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தார். சர்வதேச நீதிமன்றத் தீர்ப்பு அவர் கண்ணில் பட்டது. 12 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

கணக்கர் அல்லவா? அளந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு நாள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, கட்டிடத்தின் கீழே கார் நிறுத்தும் இடத்துக்குப் போனார். சாக்குக் கட்டியால் 12-க்கு 4 மீட்டர் கட்டம் போட்டார். பிள்ளைகள் உள்ளே போய் நின்றார்கள். சத்தம் போடாமல் நின்றார்கள்.

அவர்கள் வீட்டுச் சமையலறையில் இப்போது இரண்டு காலண்டர்கள் தொங்குகின்றன. ஒன்று ஊரில் இருந்து வந்த தினசரிக் காலண்டர். மற்றொன்று கடல் ஏற்ற இறக்க அட்டவணை. வளைகுடாவில் கடலுக்குப் போகிறவர்கள் அதைப் பார்க்காமல் போகக் கூடாது. கரையில் இருப்பவர் ஒருவரிடம், திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். செல்போனை நனையாத பையில் போட்டு, பேசுவதற்கு மட்டும் வைத்திருக்க வேண்டும். படகு திரும்பிப் போகும்போது மணலில் யாரும் தங்கக் கூடாது. இவை எல்லாம் அந்தக் குடும்பம் விலை கொடுத்துக் கற்ற பாடங்கள்.

அடுத்த விடுமுறை நாளில் வாலிபரை விருந்துக்கு அழைத்தார்கள். பாட்டி வாழை இலை தேடிப் பிடித்து வாங்கி, தம் கையாலேயே பரிமாறினார்.

சாப்பாடு முடிந்தது. கணக்கர் அவரைக் கீழே அழைத்துப் போனார். தரையில் இருந்த கட்டத்தைக் காட்டினார்.

"தம்பி, நாம் நின்ற இடம் இவ்வளவுதான். உலக நீதிமன்றமே அளந்து எழுதி வைத்திருக்கிறது" என்றார்.

வாலிபர் கட்டத்தைச் சுற்றி ஒரு முறை நடந்தார். காற்றும் அலையும் மணலை ஆண்டுக்கு ஆண்டு நகர்த்திக்கொண்டே இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். நடுவில் வந்து நின்று, சிரித்தார்.

"இல்லை சார். அன்றைக்கு இவ்வளவு பெரிதாக இல்லை!"